சாயல்குடியில் ஒரு நார்வே!

"நார்வேயைப் பற்றி ஒரு பிரயாணக் கட்டுரை வேண்டும்" என்றார் ஆசிரியர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நள்ளிரவுச் சூரியன், பனி மூடிய மலை, மலைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து உள்ளே புகுந்திருக்கும் கடல் எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து நின்றன. பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறது, கம்பளிச் சட்டையை யாரிடம் இரவல் கேட்கலாம் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"சாயல்குடிக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளும்" என்றார் அவர்.

சிரிக்காதீர்கள், வாசகர்களே! நானும் அப்போது அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"நார்வே போகிறவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள்? கடல், தீவு, பறவை, மீன் பிடிக்கிற ஊர், காலாற நடக்க ஒரு பாதை. இத்தனையும் ராமநாதபுரம் ஜில்லாவில் இருக்கின்றன. அது மட்டுமல்ல ஐயா, நார்வேக்காரர்களே ஒரு காலத்தில் அந்த ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தார்களே! வந்தவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள், நாம் எதைக் கேட்டு வாங்க மறந்தோம் என்று பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

ஆகவே மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, நான் ராமநாதபுரத்தில் தூத்துக்குடி பஸ் ஏறினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டியே போகிறது. இடப் பக்கம் கடல் இருக்கிறது என்று காற்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது பனை. ஒற்றைப் பனை, இரட்டைப் பனை, பிறகு படை திரட்டி நிற்கிற பனங்காடு. நடுவே சீமைக் கருவேலம். என் பக்கத்து ஆசனத்துக்காரர் ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டுத் திருச்செந்தூர் போகிறவர். சாயல்குடி வந்தபோது அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். இந்த வழியாகப் போகிற நம்மில் பெரும்பாலோர் சாயல்குடியைப் பார்ப்பது இப்படித்தான்!

நார்வேக்காரனுக்கு இந்தத் தூக்கம் வராது. அவனுக்கு வெளியில் அலைவது ஒரு பைத்தியம். அதற்கு 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்று வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறான். திறந்த வெளியில் வாழ்வது என்று அர்த்தம். 1859-ல் இப்ஸன் என்ற அவர்களுடைய மகா கவி ஒரு கவிதையில் போட்ட சொல் அது. நடைப் பிரியர்களுக்காக 1868-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்து, மலைமேல் எல்லாம் தங்கும் குடில் கட்டியிருக்கிறார்கள். 1957-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பயிர் செய்யாத நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி, எவரும் அதில் நடக்கலாம், கடலில் குளிக்கலாம், வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு தூங்கலாம். சொந்தக்காரர் 'யாரடா அங்கே?' என்று கேட்கக் கூடாது. ஒரே நிபந்தனை, இருந்தது இருந்தபடி விட்டுப் போக வேண்டும்.

அந்த நார்வேக்காரனைப் போல நானும் சாயல்குடியில் இறங்கி நடப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் முதலில் காபி!

சாயல்குடி காபி என்றால் கருப்பட்டிக் காபி. பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி வர, அதை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையையும் மட்டையையுமே எரித்து, மணிக்கணக்காய்க் காய்ச்சிக் கிளறிச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். ஆறினால் கருப்பட்டி. பெரும்பாலும் காய்ச்சுவது பெண்கள். அந்தப் புகையில் ஐந்து நிமிஷம் நின்றாலே எனக்குக் கண் எரிந்தது. இதற்கு நார்வேயில் ஓர் அண்ணன் தம்பி உண்டென்று சொன்னால் நம்புவீர்களா? பாலிலிருந்து பாலாடைக் கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை அவர்கள் கொட்டுவதில்லை. அதையும் இதே மாதிரி இரும்புச் சட்டியில் மணிக்கணக்காய்ச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். அதுவும் பழுப்பாய் இறுகி, இனிப்பாய் இருக்கும். 1863-ல் ஒரு பண்ணை வீட்டு அம்மாள் அதில் ஆடையையும் சேர்த்துக் காய்ச்சிப் பார்க்க, அது பட்டணத்தில் நல்ல விலைக்குப் போயிற்று. அந்த வட்டாரமே அதனால் பிழைத்தது. இன்றைக்கு அது நார்வேயின் தேசியப் பண்டம். ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒரு கட்டி வாங்காமல் திரும்புவதில்லை. சாயல்குடிக் கருப்பட்டிக்கு மட்டும் என்ன குறைச்சல்?

காபி முடிந்தது. வெயில் ஏறுவதற்குள் கண்மாய்க்குப் போய்விட வேண்டும்.

சாயல்குடிக்கு அருகே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் என்று இரண்டு ஊர்கள். அவற்றின் கண்மாய்தான் 1998-லிருந்து பறவைகள் சரணாலயம். ஏறக்குறைய 590 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமே! பாரம் ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்குகிற மாதிரி, பிரேக் பிடித்துக்கொண்டே வந்து தண்ணீரில் தொப்பென்று உட்காருகிறது.

ஆனால் ஒன்று. மழை பெய்து கண்மாய் பெருகின வருஷம்தான் இந்தக் கல்யாணக் கூட்டம். மழை ஏமாற்றினால் கண்மாயில் ஆடு மேயும். மார்கழியிலிருந்து மாசிக்குள், நல்ல மழைக்குப் பிறகு போங்கள். போகுமுன் விசாரித்துக்கொண்டு போங்கள்.

கரையோரச் சேற்றில் குருவி அளவே உள்ள ஒன்று தத்தித் தத்தி ஓடுவதைப் பார்த்தால் அலட்சியமாய்த் தாண்டிவிடாதீர்கள். கொசு உள்ளான் என்று பெயர். எடை ஒரு ரூபாய் நாணயம் ஐந்தாறுதான் இருக்கும். அதன் ஜாதி கூடு கட்டுவது நார்வேயின் வட கோடி தொடங்கிச் சைபீரியா வரை, மரமே முளைக்காத பனிப் பிரதேசத்தில். பாஸ்போர்ட்டும் இல்லை, கம்பளிச் சட்டையும் இல்லை!

மத்தியானம் கடற்கரைக்குப் போனேன். குண்டாறு கடலில் கலக்கிற பக்கம் மூக்கையூர். யாகப்பர் கோயிலும் மீனவர் வீடுகளும், கொஞ்ச காலத்துக்கு முன்னால் கட்டிய பெரிய மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவுக்கு 'ஆண் கடல்' என்று பெயர். ராமேசுவரத்துக்கு வடக்கே அலையடங்கிக் கிடக்கிற பாக் நீரிணை 'பெண் கடல்'. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ஆண் கடலின் கோபம் தெரியும் என்கிறார்கள். நான் போன அன்று அது நல்ல பிள்ளையாய்த்தான் இருந்தது.

மணலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே போய் உட்கார்ந்தேன். எந்த ஊர், என்ன ஜோலி என்று விசாரித்தார். நார்வேயைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றேன்.

"நார்வேயா? இலங்கையில சமாதானம் பேச வந்தாகளே, அந்த ஊர்க்காரகளா தம்பி?"

2002-ல் இலங்கையில் போர் நிறுத்த ஒப்பந்தத்துக்கு நடுவராய் நின்ற நாட்டை இந்தக் கரை மறக்கவில்லை. "அவர்களேதான் ஐயா. ஆனால் அதற்கு ரொம்ப முந்தியே இந்தப் பக்கம் படகோடு வந்தவர்கள்" என்று நான் கதையை ஆரம்பித்தேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நார்வே அப்போது பணக்கார நாடு அல்ல. ஜெர்மானியரின் பிடியிலிருந்து விடுபட்டே ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. எண்ணெய் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் ஏழை நாடு ஒன்றுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று புறப்பட்டது. தனக்குத் தெரிந்த தொழில் மீன்பிடிப்பு. அதைக் கற்றுக் கொடுப்போம் என்று 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரைக்கு வந்து இறங்கினார்கள். படகில் இயந்திரம் வைத்தார்கள். பனிக்கட்டி ஆலை கட்டினார்கள். மீனவர் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரியும் குழாய்த் தண்ணீரும் கொடுத்தார்கள். 1960-களில் திட்டம் விரிந்தபோது கண்ணனூர், கார்வாருடன் நம் மண்டபத்துக்கும் வந்தது. 1972-ல் எல்லாவற்றையும் இந்திய அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தாம். அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவே ஒன்று நடந்தது. பனிக்கட்டியில் உறைய வைத்த நம்முடைய இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தங்க விலை கிடைத்தது. இறால் இருப்பது கடலின் அடித்தரையில். அதை வாரி எடுக்க இழுவைமடி வேண்டும். பை மாதிரி வலை. வாயை அகட்டிப் பிடிக்க இரண்டு பலகைகள். அடியில் கனத்த கயிறு. இயந்திரப் படகு இதைக் கடலடியில் இழுத்துக்கொண்டே போகும். இறாலும் வரும், கூடவே குஞ்சு மீனும், கடற்புல்லும், நண்டும், வேண்டாதது வேண்டியது எல்லாம் வரும். இழுவைமடி இந்தியக் கரை முழுக்கப் பரவிவிட்டது. பழியை எல்லாம் நார்வேக்காரன் தலையில் கட்டுவது நியாயமல்ல. மானியம் கொடுத்தவர்கள் நாம், லாபம் பார்த்தவர்களும் நாம்.

"கரைக்குப் பக்கத்துலயே வந்து அரிச்சிட்டுப் போறாக தம்பி. நாங்க போட்ட வலையும் அதோட போகும்" என்றார் பெரியவர்.

"கரையை விட்டுத் தள்ளித்தான் விசைப்படகு மீன் பிடிக்க வேண்டும் என்று 1983-லேயே சட்டம் போட்டிருக்கிறதே?"

"சட்டம் இருக்கு. ராத்திரியில கடலுக்குள்ள மைல்கல்லு யாரு கண்டது?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதிலுக்கு நார்வேயின் கதை ஒன்றைச் சொன்னேன்.

நார்வேயின் வடக்கே லோபோடன் தீவுகள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட அங்கே லட்சோப லட்சமாய் வரும். ஆயிரம் வருஷமாய் மக்கள் அதைப் பிடித்து, உப்பே போடாமல், மரச் சட்டத்தில் ஜோடி ஜோடியாய்த் தொங்கவிட்டுக் குளிர் காற்றில் உலர்த்துகிறார்கள். ஆம், கருவாடுதான்! 1890 மார்ச் மாதம், 'பூதக் குடா' என்று பெயர் கொண்ட ஒரு குறுகிய கடல் வாயிலுக்குள் மீன் கூட்டம் புகுந்துவிட்டது. சில பணக்கார நீராவிக் கப்பல்காரர்கள் முகத்துவாரத்தில் பெரிய வலையைக் கட்டி, 'மீன் எல்லாம் எங்களுக்கு' என்று மறித்துக்கொண்டார்கள். துடுப்புப் படகுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்தார்கள். கப்பலிலிருந்து கொதிநீரைப் பீய்ச்சினார்கள். துடுப்புப் படகுக்காரர்கள் துடுப்பும் கம்புமாய்க் கப்பலில் ஏறினார்கள்.

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். "ஜெயிச்சது யாரு?"

"துடுப்புக்காரர்கள்தாம்."

"அது இருக்கட்டும். அப்புறம் சர்க்கார் என்ன பண்ணுச்சு?"

எவ்வளவு அனுபவத்திலிருந்து வருகிற கேள்வி, பாருங்கள்! லோபோடன் காட் மீன்பிடிப்பில் அந்த மாதிரி வளைத்து அடைக்கிற வலையை நார்வே அரசாங்கம் பிறகு தடை செய்தது. 1930-களில் இழுவைப் படகுகளுக்கும் கடுமையான லைசென்ஸ் முறை வந்தது. 1938-ல் இன்னொரு சட்டம்: கரைக்கு வருகிற மீனின் முதல் விற்பனை மீனவர்களுடைய சங்கத்தின் மூலம்தான் நடக்க வேண்டும், குறைந்தபட்ச விலையைச் சங்கமே சொல்லும். வியாபாரி சொல்கிற விலை செல்லாது.

இதைக் கேட்டதும் பெரியவர் பெருமூச்சு விட்டார். வலைக்கும் மோட்டாருக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். வாங்கினவருக்குத்தான் மீனைப் போட வேண்டும். விலையும் அவர் வைத்ததே விலை. "அந்த ரெண்டாவது சட்டத்தை அவுக வரும்போது கொண்டாரலையா தம்பி?" என்றார்.

கொண்டு வரவில்லை. இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். இயந்திரத்துக்குத் தங்கள் ஊரில் போட்ட கடிவாளம் அங்கேயே தங்கிவிட்டது. நாமும் கேட்கவில்லை. நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் நீட்டினார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக் கொடுத்த ஏற்பாடும் உண்டு. எழுதியதை நடத்துவதில்தான் இருக்கிறது விஷயம்.

கரையில் நின்று தெற்கே பார்த்தால், கடல் மேல் கரிக்கோடு இழுத்த மாதிரி தீவு தெரிகிறது. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள். அவற்றில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. பவளப் பாறையைத் தோண்டி விற்றது ஒரு காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். சாயல்குடிக்கு எதிரே உள்ளவற்றின் பெயரைக் கேளுங்கள்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு! எவனோ ஒரு தாகம் எடுத்த மாலுமி நாக்கில் வைத்துப் பார்த்து வைத்த பெயர்களாய்த்தான் இருக்க வேண்டும்.

போகலாமா? போகக் கூடாது. 1986 முதல் இவை தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் காலடி வைப்பது குற்றம். பவளமும் கடற்பசு மேய்கிற கடற்புல்லும் பிழைக்க வேண்டுமே! 'நார்வேயில் எங்கேயும் நடக்கலாம் என்றீரே' என்று என்னை மடக்காதீர்கள். அங்கேயும் கடற்பறவை குஞ்சு பொரிக்கிற பல திட்டுகளில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை யாரும் இறங்கக் கூடாது.

ஆனால் அந்தத் தீவுகள் உங்களுக்கும் எனக்கும் காட்சி. சிலருக்கு அவை வயிற்றுப்பாடு. இந்தக் கரைப் பெண்கள் பரம்பரையாய்த் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. நீங்கள் கல்யாண வீட்டில் சாப்பிடுகிற கடற்பாசி அல்வா இருக்கிறதே, அந்தச் சரக்கு மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவது. பாறையில் விரல் கிழியாமல் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குகிறார்கள். பூங்கா வந்தபின் அவர்கள் பிழைப்பு கண்ணாமூச்சி ஆகிவிட்டது. அபராதமும் உண்டு, வசவும் உண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் அது வளரட்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். நார்வேயின் மேற்குக் கரையிலும் கடற்பாசி எடுக்கிறார்கள், அங்கே இயந்திரத்தால். ஒரு பகுதியில் ஒரு வருஷம் எடுத்தால் நான்கு வருஷம் அதைத் தொடக் கூடாது என்று அரசாங்கம் கடலைப் பாகம் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே அதிகாரிகள் மேஜை போட்டுச் செய்த காரியத்தை இங்கே இந்தப் பெண்கள் மணலில் உட்கார்ந்து செய்தார்கள். அவர்களைத் திருடிகளாய்ப் பார்ப்பதை விட்டுவிட்டு, காவலுக்கே அவர்களை வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. தீவின் ஒவ்வொரு பாறையும் அவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆயிற்று. பனை நிழல்கள் நீண்டு கடலைத் தொடப் போயின. ராமநாதபுரம் திரும்ப பஸ் இருக்கிறது. தங்க வசதியும் அங்கேதான் நன்றாயிருக்கும். கையில் ஒரு கொட்டான் கருப்பட்டியோடு பெரியவரிடம் விடை பெற்றேன்.

"சித்ரா பௌர்ணமிக்கு மாரியூருக்கு வாங்க தம்பி. சாமி வலை வீசுறதைப் பார்க்கலாம்" என்றார்.

மாரியூர் இங்கிருந்து பக்கந்தான். பூவேந்தியநாதர் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. பார்வதி தேவி பரதவர் குலத்தில் பிறக்க, நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்க, சிவபெருமான் வலைஞராய் வந்து அந்தச் சுறாவைப் பிடித்துப் பெண்ணை மணந்தார் என்பது திருவிளையாடல் கதை. அதை வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவில் அங்கே கடலில் நடத்திக் காட்டுகிறார்கள். கூட்டம் அலைமோதுமாம்.

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "சித்திரை மாதம் தடைக்காலம் ஆயிற்றே ஐயா?"

பெரியவர் வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தடை விசைப்படகுக்குத்தானே தம்பி? சாமி நம்ம மாதிரி, வள்ளத்துலதான் போறாரு."